பைப்பர் கப் விமானத்துக்குப் புதுத் துணி: பாலி-ஃபைபர் எப்படி?

துணி போர்த்திய பழைய சிறு விமானமான பைப்பர் ஜே-3 கப் வைத்திருப்பவருக்குப் பெரிய செலவு எஞ்சினில்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். கான்டினென்டல் ஏ-65 எஞ்சினுக்குத் தேடினால் இன்னும் பாகம் கிடைக்கிறது, பிரித்துப் பூட்டத் தெரிந்த ஆளும் கிடைக்கிறார். துணி வேலைதான் கையைக் கடிக்கிறது. 1947-க்குள் கட்டி முடித்த இந்த விமானங்களை முழுக்க உரித்துப் புதுத் துணி போர்த்த சில நூறு மணி நேர உழைப்பு வேண்டும். அமெரிக்கப் பட்டறைகளில் மணிக்கூலி ஏற ஏற, அந்த பில் விமானத்தின் விலையையே எட்டிப்பிடிக்கப் பார்க்கிறது. அதனால் உரிமம் பெற்ற மெக்கானிக்கின் மேற்பார்வையில் தாங்களே போர்த்திக்கொள்ளும் உரிமையாளர்கள் பலர். அவர்கள் அதிகம் நாடும் பொருள்களில் ஒன்று, ரே ஸ்டிட்ஸ் உருவாக்கிய பாலி-ஃபைபர்.

முதலிலேயே சொல்லிவிடலாம்: இதன் வழக்கமான மேல்பூச்சில் பளபளப்பை எதிர்பார்க்காதீர்கள். பத்து வருடம் கழித்தும் ஒட்டுப் போட்டுப் பறக்க வேண்டும் என்றால் இதை மிஞ்சுவது கஷ்டம்.

பாலி-ஃபைபர் என்பது ஒரே டப்பாவில் வரும் பெயின்ட் அல்ல. பாலியெஸ்டர் துணி, பாலி-டாக் பசை, பாலி-பிரஷ், பாலி-ஸ்ப்ரே, மேலே பாலி-டோன் என்று வரிசையாக ஒரு குடும்பம். இதற்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. தந்த அங்கீகாரம் மொத்த வரிசைக்கும் சேர்த்துத்தான். மலிவாகக் கிடைக்கிறதே என்று நடுவில் வேறு கம்பெனிப் பசையை நுழைத்தால் அங்கீகாரம் போச்சு, கையெழுத்துப் போட யாரும் வரமாட்டார்கள். கப் போன்ற சான்றிதழ் விமானத்துக்குச் சதுர கஜத்துக்கு 2.7 அவுன்ஸ் துணி சரியாக இருக்கும். 1.7 அவுன்ஸ் துணியை அல்ட்ராலைட் எனும் மிக இலகு விமானக்காரர்களுக்கு விட்டுவிடுங்கள். துணியில் அச்சிட்ட அங்கீகார முத்திரை இன்ஸ்பெக்ஷன் துளை வழியாகத் தெரியும்படி வெட்டினால், பின்னால் வரும் இன்ஸ்பெக்டரோடு வாக்குவாதம் மிச்சம்.

தவறு பெரும்பாலும் துணியைத் தொடும் முன்பே நடந்துவிடுகிறது. பாலி-டாக்கில் உள்ள எம்.இ.கே. (மெத்தில் எத்தில் கீட்டோன்) கரைப்பான் சாதாரண பிரைமரையும் வார்னிஷையும் இளக்கிவிடும். அவற்றின் மேல் ஒட்டிய துணி, பிரைமரோடு சேர்ந்தே தோலாக உரிந்து வரும். எனவே எஃகுக் குழாய்க்கு எபாக்சி பிரைமர், இறக்கையின் முதுகெலும்பான மர ஸ்பாருக்கு எபாக்சி வார்னிஷ். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

ஒட்டிய பிறகு துணியைச் சூடுகாட்டி இறுக்க வேண்டும். இதற்கு இஸ்திரிப் பெட்டி போதும், ஆனால் அதன் டயலை நம்பக் கூடாது. அடிப்பரப்பில் தெர்மாமீட்டர் வைத்து, 250, 350 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு டயலில் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். முதல் சுற்று 250-இல், படிப்படியாக ஏறிக் கடைசிச் சுற்று 350-இல். 375-ஐத் தொட்டால் துணி இளகி, பிடித்த இறுக்கத்தை விட்டுவிடும். அதை மறுபடி இறுக்க முடியாது, உரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். இன்னொன்று: இறக்கையின் ஒரு முனையிலிருந்தே 350 வைத்து இழுத்துக்கொண்டு போனால் பின்விளிம்பு வளையும். மேலும் கீழும் மாற்றி மாற்றிச் சூடு கொடுங்கள்.

துணியைச் சுத்தமாகப் போர்த்தி முடித்ததும் பாலி-பிரஷ். மூன்று பங்குக்கு ஒரு பங்கு ரெட்யூசர் (நீர்க்கச் செய்யும் கரைப்பான்) கலந்து, முதல் பூச்சைத் தூரிகையால்தான் அடிக்க வேண்டும். நூலுக்குள் இறங்கி அதைச் சுற்றிப் பிடித்தால்தான் மேலே வருவதெல்லாம் நிற்கும். துளிகள் மறுபக்கம் வழிந்து காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதன்பின் துணியை இறக்கையின் விலா எலும்புகளோடு (ரிப்) சேர்த்துத் தைக்கும் ரிப் தையல், அதன்மேல் நாடா, பிறகு ஸ்ப்ரே கன்னால் மேலும் பூச்சு. தையல் இடைவெளியைப் பழைய துணியை உரிக்கும்போதே அளந்து எழுதி வைக்கவும். புரொபெல்லர் காற்று அடிக்கும் பகுதியில் அது நெருக்கமாக இருக்கும். ஈரப்பதம் அதிகமான நாளில் அடித்தால் பூச்சு வெள்ளை பூக்கும். அதைத் தடுக்கவென்றே பிஆர்-8600 என்ற கலவையை விற்கிறார்கள், ஆனால் வறண்ட நாளுக்குக் காத்திருப்பது அதைவிட மலிவு.

பாலி-ஸ்ப்ரேயில் கை வைத்துக் குறைக்கவே வேண்டாம். பாலியெஸ்டருக்கு எதிரி வெயில், அதிலும் புற ஊதாக் கதிர். இந்தப் பூச்சில் உள்ள அலுமினியத் தூள்தான் குடை. ஹாங்கரை இருட்டாக்கி, இறக்கைக்குள் ஒரு பல்பை எரியவிட்டு வெளியிலிருந்து பாருங்கள். வெளிச்சம் பரவலாகக் கசிந்தால் இன்னொரு பூச்சு வேண்டும். அழகாக இருக்கட்டும் என்று இதை அதிகம் தேய்த்துவிட்டு, குடையில் ஓட்டை போட்டுக்கொள்பவர்கள் உண்டு.

மேல் நிறத்துக்கு பாலி-டோன் அல்லது ஏரோதேன். ஏரோதேன் யூரிதேன், கண்ணாடி மாதிரி மின்னும். ஆனால் அதில் ஐசோசயனேட் என்ற நச்சுப் பொருள் இருப்பதால் வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி இல்லாமல் தெளிக்கவே கூடாது. காய்ந்தபின் எம்.இ.கே.-க்கும் மசியாது, கிழிந்தால் ஒட்டுப் போடுவது பெரும் வேலை. பாலி-டோன் வினைல். கிழிந்த இடத்தில் எம்.இ.கே. நனைத்த துணியால் துடைத்தால் பூச்சு அடுக்கடுக்காக இறங்கிவிடும், புதுத் துணி ஒட்டி, அதே வரிசையில் பூசினால் தீர்ந்தது. கப்புக்கு பாலி-டோன் மஞ்சளே தாராளம். இந்த விமானம் ஒருநாளும் மின்னிப் பறந்ததில்லை. பழைய துணிப் பூச்சான நைட்ரேட் டோப் போல் பற்றிக்கொண்டு எரியாது என்பதும் இதன் பக்கம் நிற்கும் வாதம். ஆனால் ஈரமாக இருக்கும்போது கரைப்பான் ஆவி தீப்பிடிக்கும், ஹாங்கரில் ஹீட்டர் எரியவிட்டு வேலை செய்பவர்கள் கவனிக்கவும்.

பட்ஜெட் போடும்போது பலரும் விடுவது இரண்டு. ஒன்று, எம்.இ.கே., ரெட்யூசர், தீப்பிடிக்கும் பொருளுக்கான தனி அனுப்பு கட்டணம். மற்றது, துணிக்கு அடியில் காத்திருப்பது. வால் பக்கத்துக் கீழ் லாஞ்சரானில் (உடலின் நீளவாட்டுக் குழாய்) தண்ணீர் தேங்கி உள்ளிருந்தே துரு பிடித்திருக்கும். கூர்முனைப் பஞ்ச் வைத்துத் தட்டினால் குழி விழும் இடத்தை வெட்டி, புதுக் குழாய் வெல்டு செய்ய வேண்டும். மர ஸ்பாரில் அழுத்த விரிசலும் மறைந்திருக்கலாம். இறக்கையைத் தாங்கும் லிஃப்ட் ஸ்ட்ரட்டின் உள்துருவுக்கு எஃப்.ஏ.ஏ.-யின் கட்டாய ஆணையே உண்டு. இவற்றுக்குப் பணம் ஒதுக்காமல் துணியை மட்டும் ஆர்டர் செய்தால், விமானம் எலும்புக்கூடாகவே வருடக்கணக்கில் நிற்கும்.

வீட்டோடு ஒட்டிய ஷெட்டில் வேலை செய்பவர்களுக்கு எம்.இ.கே. வாடை ஒத்துவராது. அவர்கள் தண்ணீர் அடிப்படையிலான ஸ்டூவர்ட் முறையைப் பார்க்கலாம், ஆனால் தெளிக்கும் பழக்கம் வர நாளாகும். நிறத்தோடு வரும் ஓராடெக்ஸ் என்ற துணி எடை குறைவு, ஸ்ப்ரே கன்னே வேண்டாம், துணி விலை அதிகம். எந்தக் கப்பின் எந்த மாடலுக்கு அது அனுமதி பெற்றிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஸ்ப்ரே வசதியும் காற்றோட்டமும் இருக்கிறவர்கள் வேறெங்கும் தேட வேண்டியதில்லை, பாலி-ஃபைபரின் கையேட்டை வாங்கி, டப்பாவைத் திறக்கும் முன் இரண்டு முறை படித்துவிடுங்கள்.