சி64 டெமோ கையேட்டுக்கு வைஸ் எமுலேட்டர்: எல்லாம் சரி, அந்த ஸ்கிரீன்ஷாட் மட்டும்…

கமடோர் 64 (சி64) என்ற பழைய வீட்டுக் கணினியின் டெமோக்களுக்கு, அதாவது அதன் திறனைக் காட்ட எழுதப்படும் படமும் இசையும் கலந்த நிரல்களுக்கு, ரசிகர் கையேடு ஒன்று தொகுக்க ஆரம்பித்திருக்கும் நண்பர் கேட்டது ஒரே கேள்விதான்: அந்தக் கணினியை இன்றைய கணினியில் போலச்செய்யும் வைஸ் எமுலேட்டரை மட்டும் வைத்துக்கொண்டு முழுக் கையேட்டையும் முடித்துவிடலாமா? டெமோவை ஓட்டிப் பார்க்க, இசை கேட்க, எந்தப் பகுதிக்குப் பின் எது வருகிறது என்று குறித்துக்கொள்ள, தாராளமாக முடியும். படம் எடுக்க மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகும் தீராத எரிச்சல் அது ஒன்றுதான். அதனால் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வைஸில் சி64-க்கென உள்ள நிரல்களில் எக்ஸ்64எஸ்சியைத்தான் எடுக்க வேண்டும். எக்ஸ்64 வேகமாக ஓடும், ஆனால் படத்தைத் திரைக்கு அனுப்பும் விஐசி-2 சிப்பைக் கடிகாரச் சுழற்சிக்குச் சுழற்சி பின்பற்றாது. டெமோக்காரர்களின் வித்தையோ முழுக்க அந்தச் சுழற்சிக் கணக்கில்தான் இருக்கிறது. பிஏஎல் (ஐரோப்பிய டிவி முறை) இயந்திரத்தில் திரையின் ஒரு வரிக்கு 63 சுழற்சி, ஃபிரேமுக்கு 312 வரி, ஆக மொத்தம் 19,656. பக்கவாட்டு பார்டரை, அதாவது படத்தைச் சுற்றியுள்ள வெற்று ஓரத்தை, திறந்து அங்கேயும் படம் காட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு வரியிலும் குறிப்பிட்ட ஒரு சுழற்சியில் ரெஜிஸ்டரை மாற்ற வேண்டும். ஒன்று பிசகினாலும் பார்டர் மூடிக்கொள்ளும். 2008-ல் எக்ஸ் என்ற டெமோ போட்டி விழாவில் (பார்ட்டி) முதலிடம் பெற்ற பூஸ் டிசைன் குழுவின் எட்ஜ் ஆஃப் டிஸ்கிரேஸ் மாதிரி ஒன்று ஒரு வரிகூடக் குலையாமல் ஓடுவதைப் பார்த்தால், இவ்வளவும் இலவசமாகக் கிடைக்கிறது என்பதை நம்பவே முடியாது.

அமைப்புகளை ஒரு தடவை சரியாக வைத்துவிட்டு, கையேடு முடியும்வரை தொடாதீர்கள். மாடல், சி64 பிஏஎல். அமெரிக்க முறையான என்டிஎஸ்சியில் வரிக்கு 65 சுழற்சி, 263 வரி; ஐரோப்பிய டெமோக்களில் பெரும்பாலானவை அதில் உடைந்துபோகும். டிஸ்க் டிரைவுக்கு, அதை முழுதாகப் போலச்செய்யும் ட்ரூ டிரைவ் எமுலேஷன் கட்டாயம். 1541 டிரைவுக்குள் தனியாக ஒரு 6502 பிராசசரும் 2 கேபி ரேமும் இருக்கின்றன, டெமோ லோடர்கள் தங்கள் நிரலை அதற்குள்ளேயே அனுப்பி ஓட்டுகின்றன. ட்ரூ டிரைவை அணைத்துவைத்தால் டெமோ பாதியிலேயே கறுப்புத் திரையில் நின்றுவிடும். அதைப் பார்த்துவிட்டு ‘இந்த டெமோ பழுது’ என்று கையேட்டில் எழுதுவது அந்தக் குழுவுக்குச் செய்யும் அநியாயம். டிரைவ் வேகத்தை 300 ஆர்பிஎம், வாபிளை (வேகத் தள்ளாட்டத்தை) 0 என்று வையுங்கள்; வாபிள் இருந்தால் ஒவ்வொரு ஓட்டத்திலும் லோடிங் நேரம் சற்றே நகரும், குறித்துவைத்த நேரத்தில் அதே காட்சி வராது.

ஒலி தரும் எஸ்ஐடி சிப்பை டெமோவுக்கு டெமோ மாற்றித்தான் ஆக வேண்டும். பழைய வடிவமான 6581-ன் ஃபில்டர் வேறு, புதிய வடிவமான 8580-ன் ஃபில்டர் வேறு. டி418 வால்யூம் ரெஜிஸ்டர் வழியாகச் சாம்பிள் ஒலி இசைக்கும் பழைய டெமோக்கள் 8580-ல் முணுமுணுப்பாகத்தான் கேட்கும். எந்தச் சிப்பில் கேட்டுவிட்டு இசையைப் பற்றி எழுதினீர்கள் என்பதைப் பதிவுக்குப் பதிவு குறிப்பிடுங்கள். எஸ்ஐடி இசைக் கோப்புகளின் தொகுப்பான ஹை வோல்டேஜ் எஸ்ஐடி கலெக்ஷனில் கோப்புகளோடு சிப் விவரமும் இருக்கும், ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

வைஸ் நிஜ இயந்திரத்தைவிடக் கருணை காட்டும் இடம் ஒன்று உண்டு. விஎஸ்பி என்ற உத்தி முழுத்திரையையும் கிடைவாட்டில் ஒரே அடியாக நகர்த்தும். சில நிஜ சி64-களில் இது நினைவகத்தைக் கெடுத்து டெமோவைக் கவிழ்த்துவிடும். பதினாறடிமான எண்ணாக எழுதிய நினைவக முகவரியின் கடைசி இலக்கம் 7 அல்லது எஃப் ஆக உள்ள பைட்டுகள்தான் கெடுகின்றன என்று லினஸ் ஆகெசன் 2013-ல் விளக்கி, அதைத் தவிர்க்கும் வழியையும் காட்டினார். வைஸில் இந்தக் கோளாறைப் போலச்செய்யும் தேர்வு தனியாக இருக்கிறது, வழக்கமாக அணைந்திருக்கும். விஎஸ்பி பயன்படுத்தும் டெமோவுக்கு ‘எல்லா இயந்திரத்திலும் ஓடும்’ என்று எமுலேட்டரை மட்டும் பார்த்து எழுதாதீர்கள்.

இனி அந்த எரிச்சலுக்கு வருவோம்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் சாதாரண பார்டர் அமைப்பில் 384×272 பிஎன்ஜி ஒன்று கிடைக்கும். பார்டரை முழுதாக வெட்டும் அமைப்பில் எடுத்தால், பார்டரைத் திறந்து உள்ளே ஸ்பிரைட் (நகர்த்தக்கூடிய சிறு உருவம்) வைத்தவரின் உழைப்பு மொத்தமும் காணாமல் போகும், அதனால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பிஏஎல்-ன் பிக்சல் சதுரமும் கிடையாது. அகலம் உயரத்தில் சுமார் 0.936 பங்குதான். படத்தை அப்படியே அச்சிட்டால் வட்டமெல்லாம் பக்கவாட்டில் உப்பிவிடும். நேரடியாக 360 பிக்சலுக்குச் சுருக்கினால் சில நெடுவரிசைகள் விழுந்து எழுத்துகள் கோணலாகும். முதலில் நியரஸ்ட் நெய்பரில் (பிக்சலை அப்படியே நகலெடுக்கும் முறை) நான்கு மடங்கு பெரிதாக்கி 1536×1088 ஆக்குங்கள், பிறகு அகலத்தை மட்டும் மென்மையான முறையில் 1438-க்குக் குறையுங்கள். எடுத்தவுடன் படத்தில் எத்தனை நிறங்கள் என்று எண்ணிப் பாருங்கள். 16-ஐத் தாண்டினால் எங்கோ ஃபில்டரோ அளவு மாற்றமோ புகுந்துவிட்டது. பெப்டோ, கொலோடோர் என எந்தப் பேலட்டை (நிறத் தொகுப்பை) எடுத்தாலும் கையேடு முழுக்க அது ஒன்றுதான் இருக்க வேண்டும். பாதியில் மாற்றினால் ஒரே நீலம் இரண்டு பக்கங்களில் இரண்டு நீலமாகத் தெரியும்.

இதெல்லாம் வேலை அதிகம் என்பதோடு சரி, எரிச்சல் இல்லை. எரிச்சல் ஐஎஃப்எல்ஐ படங்களில் தொடங்குகிறது.

எஃப்எல்ஐ என்பது ஒவ்வொரு வரியிலும் நிறத் தகவலை விஐசி-2-ஐ மறுபடி படிக்கவைக்கும் உத்தி. அதன் விலையாக இடது ஓரத்தில் மூன்று எழுத்து அகலம், அதாவது 24 பிக்சல், கெட்டுப்போகும். அந்தப் பட்டையைக் ‘குறை’ என்று நினைத்து வெட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள். வெட்டாதீர்கள், அது அந்த உத்தியின் கையெழுத்து. ஐஎஃப்எல்ஐ இன்னும் ஒரு படி மேலே போய், இரண்டு எஃப்எல்ஐ படங்களை ஃபிரேமுக்கு ஃபிரேம் மாற்றி மாற்றிக் காட்டுகிறது, அதில் ஒன்று ஒரு ஹைரெஸ் பிக்சல், அதாவது அரைப் பிக்சல், தள்ளி நிற்கும். கண் இரண்டையும் சேர்த்துக்கொள்வதால் 160 பிக்சல் அகலப் படம் 320 போலவும், 16 நிறங்கள் அதைவிடப் பல மடங்காகவும் தெரிகின்றன. 16 நிறங்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 120 கலவை, தனி நிறங்களோடு 136.

ஸ்கிரீன்ஷாட் எடுப்பது ஒரே ஒரு ஃபிரேமை. இருப்பது இரண்டு படங்கள், கையில் வருவது ஒன்று. முகத்தில் பட்டைபட்டையாகக் கோடு, நிழல் இருக்க வேண்டிய இடத்தில் பச்சையும் இளஞ்சிவப்பும் திட்டுத்திட்டாக. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்கு இங்கே செல்லவே செல்லாது. வைஸைக் குறை சொல்ல முடியாது. கேட்ட ஃபிரேமை ஒரு பிக்சல் பிசகாமல் கொடுக்கிறது. ஆனால் வாரக்கணக்கில் பிக்சல் பிக்சலாக வரைந்த ஒரு ஓவியத்தின் பாதியை ‘இதுதான் அந்த ஓவியம்’ என்று கையேட்டில் பதிப்பது பொறுக்கவில்லை. இப்படிப் பதித்த பக்கங்கள் கொஞ்சநஞ்சம் அல்ல.

சரிசெய்யும் வழி இருக்கிறது. காட்சி வந்ததும் இடைநிறுத்தி, ஒரு ஃபிரேம் முன்னேற்றும் கட்டளையால் அடுத்தடுத்து நான்கு ஃபிரேம்களை எடுங்கள். முதலாவதும் மூன்றாவதும் ஒன்றாக, இரண்டாவதும் நான்காவதும் ஒன்றாக இருந்தால் அது இரண்டு ஃபிரேம் இன்டர்லேஸ். நான்கும் வேறுவேறாக இருந்தால் அனிமேஷன் ஓடுகிறது, சராசரி எடுத்தால் கலங்கிய குட்டைதான் மிஞ்சும். இன்டர்லேஸ் என்று உறுதியானால், அளவை மாற்றுவதற்கு முன்பே இரண்டு ஃபிரேம்களையும் 16 பிட்டில், ஒளியின் அளவுக்கு நேர்விகிதமான நேர்கோட்டு ஆர்ஜிபிக்கு மாற்றி, சராசரி எடுத்து, மீண்டும் வழக்கமான எஸ்ஆர்ஜிபிக்குக் கொண்டுவாருங்கள். நேர்கோட்டு மாற்றத்தை விட்டுவிட்டால் கறுப்பும் வெள்ளையும் கலந்து 0–255 அளவில் 128 ஆகும். கண்ணுக்குச் சேரும் ஒளியின்படி 188 வர வேண்டும். படம் முழுக்க இருண்டுபோவதற்குக் காரணம் இதுதான். முடிந்த படத்தில் நிறங்கள் 136-ஐத் தாண்டக் கூடாது.

இவ்வளவும் செய்து முடித்த பிறகு வருவது இன்னொரு பொய். பின்னாளைய விஐசி-2-ல் 16 நிறங்களும் ஒன்பது ஒளிர்வு நிலைகளில் அடங்குகின்றன: நீலமும் பழுப்பும் ஒரே நிலை, அடர்சாம்பலும் சிவப்பும் ஒரே நிலை, ஊதாவும் ஆரஞ்சும், இடைச்சாம்பலும் வெளிர்நீலமும், பச்சையும் வெளிர்சிவப்பும், வெளிர்சாம்பலும் சயானும், மஞ்சளும் வெளிர்பச்சையும் அப்படியே. ஒரே நிலையில் உள்ள ஜோடியை மாற்றி மாற்றிக் காட்டினால் துடிப்பு அதிகம் தெரியாது. கறுப்பையும் வெள்ளையையும் அப்படிக் காட்டினால் நொடிக்கு 25 தடவை கண்ணில் குத்தும். நல்ல கிராஃபிக்ஸ்காரரின் தேர்ச்சி இந்த ஜோடிகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது. சராசரிப் படமோ இரண்டையும் ஒரே வழவழப்பாக்கிவிடுகிறது. நுணுக்கமாக ஜோடி சேர்த்தவருக்கும் அள்ளிப் போட்டவருக்கும் கையேட்டில் வித்தியாசமே இல்லை. ஒற்றை ஃபிரேம் ஓவியத்தைக் கெடுக்கிறது என்றால், சராசரி ஓவியரை மறைக்கிறது.

வீடியோவில் போட்டுவிடலாமே என்றால், அங்கேயும் தடங்கல்தான். பிஏஎல் சி64-ன் வேகம் நொடிக்கு 50 அல்ல, 50.125 ஃபிரேம். கோப்பில் 50 என்று எழுதிவிட்டு ஒலியைத் தனியாகச் சேர்த்தால் 10 நிமிடத்தில் ஒன்றரை நொடி விலகிவிடும். 30 ஃபிரேமாகக் குறைத்தால் இரண்டு படங்களின் ஒழுங்கு குலைந்து துடிப்பு தாறுமாறாகும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஐந்து ஃபிரேமுக்கு ஒன்று இரண்டு தடவை காட்டப்பட்டு, ஸ்க்ரோலர் (ஓடும் எழுத்து வரி) இழுத்து இழுத்து ஓடும். துடிக்கும் ஜிஃப் வேண்டவே வேண்டாம். ஒளித்துடிப்பு சிலருக்கு உடல்நலக் கேடு.

உருப்படியான வழி, நிஜ இயந்திரத்தை சிஆர்டி திரையில் (பழைய குழாய்த் திரை) இணைத்துப் புகைப்படம் எடுப்பது. ஸ்டாண்டில் கேமரா, இருட்டு அறை, ஒயிட் பேலன்ஸும் ஃபோகஸும் கையால் நிலைநிறுத்தியது. 1/25 நொடி என்றால் ஏறக்குறைய சரியாக இரண்டு ஃபிரேம். அசையாத படத்துக்கு ஐஎஸ்ஓவைக் குறைத்து ஒரு நொடி வரை போகலாம்; 50 ஃபிரேம் சேரும்போது ஒளிப்பட்டை மறைந்துவிடும். துடிப்பு இதிலும் தெரியாது. ஆனால் பக்கத்துப் பக்கத்து வரிகளின் நிறங்கள் பிஏஎல் திரையில் கலந்து இழைவது அப்படியே பதிவாகும். கணக்குப் போட்டுச் சேர்த்த படத்தில் அது வராது.

எழுத்து வேலையைப் பொறுத்தவரை குறைசொல்ல அதிகமில்லை. டிஸ்கின் நகலான டி64 கோப்பு 35 டிராக்குக்கு 174,848 பைட், 40 டிராக் என்றால் 196,608. செக்சம் (கோப்பு மாறியதா என்று காட்டும் எண்) எடுத்தபின் மூலக் கோப்பைத் தனியே பூட்டிவைத்து, நகலை மட்டும் ஓட்டுங்கள். டிஸ்கில் எழுதும் டெமோ ஒன்று போதும், செக்சம் மாறிவிடும். பார்ட்டிப் பதிப்பையும் இறுதிப் பதிப்பையும் ஒரே பதிவில் போட்டுக் குழப்பாதீர்கள்: கோமாலேண்ட் என்ற டெமோ 2014-ல் பார்ட்டியில் வந்தது, பிறகு 100% என்று திருத்திய பதிப்பும் வந்தது. பல பக்க டிஸ்குகளை ஃப்ளிப் லிஸ்டில் வரிசையாகச் சேர்த்துவிட்டால் ஒரே விசையில் மாறும். வைஸின் இந்த வசதி அவ்வளவு சுகம். ஸ்னாப்ஷாட்டை (எமுலேட்டரின் நிலையைச் சேமித்த கோப்பை) மட்டும் காப்பகமாக நினைக்காதீர்கள், பதிப்பு மாறினால் திறக்காமல் போகலாம்.

இத்தனையும் கூட்டிப் பார்த்தால் வைஸுக்கு நிகராக வேறொன்றைச் சொல்ல முடியாது. ஆனாலும் நண்பருக்குச் சொல்வது இது: ஐஎஃப்எல்ஐ படங்களுக்கு வைஸிலிருந்து எதையும் அச்சிடாதீர்கள், சராசரிப் படத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சிஆர்டி புகைப்படம் கிடைக்கும்வரை அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும். கட்டத்துக்குக் கீழே டெமோவின் பெயர், குழு, ஆண்டு, எந்தப் பதிப்பு, டிஸ்கின் எந்தப் பக்கம், ஓடத் தொடங்கி எத்தனையாவது நிமிடம் நொடியில் அந்தப் படம் வருகிறது, எஸ்ஐடி 6581-ஆ 8580-ஆ, இரண்டு ஃபிரேம் இன்டர்லேஸா என்பதை மட்டும் எழுதுங்கள். படிப்பவர் தன் இயந்திரத்தில் ஓட்டி, அந்த நொடியில் அதைப் பார்த்துக்கொள்வார்.