உஸ்பெகிஸ்தான் பேக்கேஜ் எடுக்கப் போறீங்களா? எங்க கதையைப் படிச்சிட்டு பணம் கட்டுங்க

2024 அக்டோபரில் அம்மா, அக்கா, மாமா, நான் என்று நாலு பேர் தாஷ்கண்ட், சமர்கண்ட் போய் வந்தோம். ஆறு நாள். ஊரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். குறையெல்லாம் மதுரையில் ஒரு மாடிக் கடையில், ஏசியைக் கூட்டி வைத்து, டீ வாங்கிக் கொடுத்துப் பேசிய ஆளிடம்தான். கடைப் பெயரை எழுதவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம், அது முடியும்வரை பெயரைப் போடாதீர்கள் என்று வக்கீல் சொல்லிவிட்டார். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இதே மாதிரி பேசுகிற கடை எல்லா ஊரிலும் ஒன்று இருக்கிறது.

தலைக்கு 82,000 ரூபாய். விமானம், விசா, மூன்று நட்சத்திர ஓட்டல், சமர்கண்டுக்கு 'புல்லட் ரயில்', இந்தியச் சாப்பாடு எல்லாம் அடக்கம் என்றார். பில் கேட்டேன். "பில் போட்டா ஜிஎஸ்டி வரும் சார், உங்களுக்குத்தான் நஷ்டம்" என்று என்மேல் கரிசனம் காட்டினார். கம்பெனிக் கணக்குக்குப் போகாமல் அவருடைய சொந்த நம்பருக்கு ஜிபே பண்ணினேன். இப்போது எழுதும்போதே கை கூசுகிறது. நான் ஒன்றும் படிக்காதவன் இல்லை, கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு.

முதலில் விசா. "எம்பஸி செலவு" என்று தலைக்கு 6,500 வாங்கினார். எம்பஸி பக்கமே போக வேண்டாம் என்பது திரும்பி வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இந்தியர்களுக்கு உஸ்பெகிஸ்தான் இ-விசா தருகிறது. ஒருமுறை நுழைவதற்கு 20 டாலர், அன்றைய மதிப்பில் 1,700 ரூபாய்கூட இல்லை. பாஸ்போர்ட் பக்கத்தின் படம், ஒரு போட்டோ, கார்டு இருந்தால் வீட்டிலிருந்தே போட்டுக்கொள்ளலாம். மூன்று வேலை நாளில் மின்னஞ்சலுக்கு வந்துவிடும். ஒன்றே ஒன்று, அரசுத் தளத்தின் முகவரி 'ஜிஓவி டாட் யூஇசட்' என்று முடியும். அப்படி முடியாத தளங்கள் அரசுச் சின்னம் மாதிரி ஏதோ ஒன்றை ஒட்டிக்கொண்டு கூகுளில் மேலே வந்து நிற்கும், மூன்று மடங்கு வாங்கும். எங்கள் ஆள் அந்தத் தளங்களையே தோற்கடித்துவிட்டார். நாலு பேருக்கும் சேர்த்து விசாவில் மட்டும் 19,000க்கு மேல் போயிற்று.

போன பணத்தைவிட வயிற்றைக் கலக்கியது வேறு. நம் ஆட்கள் நிறைய பேருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். அம்மாவுக்கும் அப்படித்தான். விசா படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாது என்றதும், அந்தக் கடைப் பையன் அப்பாவின் பெயரை அங்கே அடித்துவிட்டிருக்கிறான். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டெல்லியில் போர்டிங் கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், விசாவைப் பார்த்தார், மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். "இது வேற ஆள் மாதிரி இருக்கே" என்று இந்தியில் சொன்னார். அம்மாவுக்கு இந்தி தெரியாது, ஆனால் முகம் வெளுத்துவிட்டது. மேலதிகாரி வந்தார். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் கணவர் பெயர் இருக்கிறதல்லவா, அதைக் காட்டினேன். பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் எல்லாம் சரியாக இருந்ததால், பொறுப்பு உங்களுடையது என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். தாஷ்கண்டில் இறங்கியும் அம்மாவை மட்டும் இருபது நிமிஷம் ஓரமாக உட்கார வைத்தார்கள். திருப்பி அனுப்பியிருந்தாலும் நாம் ஒன்றும் கேட்க முடியாது. பாஸ்போர்ட்டில் உள்ளபடி விசா இல்லை என்றால் அது செல்லாத விசாதான். விசா கைக்கு வந்ததும் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். தப்பு இருந்தால் புதிதாகப் போட நாள் இருக்க வேண்டும்.

வெளியே வந்தால் எங்கள் பெயர் எழுதிய அட்டையோடு ஆள் நிற்பார் என்று சொல்லியிருந்தார். நிற்கவில்லை. மதுரைக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. அதற்குள் நாலைந்து டாக்ஸிக்காரர்கள் சூழ்ந்துவிட்டார்கள். ஒருவர் இரண்டு விரலைக் காட்டி "டுவென்டி, டுவென்டி" என்றார். அந்த ஊரில் ஆயிரம் என்று சொல்ல மாட்டார்கள், 'இருபது' என்றால் இருபதாயிரம் சோம் என்று யூடியூபில் பார்த்த ஞாபகம். அன்று ஒரு டாலர் சுமார் 12,700 சோம், நம் ஒரு ரூபாய்க்கு 150 சோம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. இருபதாயிரம் என்றால் 130 ரூபாய்தானே என்று ஏறிவிட்டோம். ஏர்போர்ட் ஊருக்குள்ளேயே இருக்கிறது, கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஓட்டல் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, டிக்கியைத் திறக்காமலே கையை நீட்டினார். டுவென்டி டாலர். ஆளுக்கு. ஆக 80. பெட்டியெல்லாம் உள்ளே. மாமா சத்தம் போட, அவர் பதிலுக்குப் போட, ஓட்டல் வாட்ச்மேன் நடுவில் வந்து 40 டாலரில் முடித்து வைத்தார்.

மறுநாள் அதே தூரத்துக்கு யாண்டெக்ஸ் கோ ஆப்பில் 27,000 சோம் காட்டியது. நம்மூர் ஓலா மாதிரிதான், விலை முன்கூட்டியே தெரியும், பணமாகவும் கொடுக்கலாம். இந்தியாவிலேயே இறக்கி, நம் நம்பருக்கு ஓடிபி வாங்கிப் பதிந்துவிட்டுப் போங்கள். அங்கே போய் நம் சிம் வேலை செய்யாமல் ஓடிபிக்கு அல்லாடக் கூடாது.

பணம் மாற்றும் விஷயத்திலும் பழைய பேச்சை நம்ப வேண்டாம். "பஜாரில் மாற்றினால் இரட்டிப்பு கிடைக்கும்" என்று எங்கள் ஆளும் சொன்னார். அது 2017க்கு முந்தைய கதை. அந்த செப்டம்பரில் அரசே சோமின் மதிப்பைச் சந்தை விலைக்கு விட்டுவிட்டது, அதிலிருந்து கறுப்புச் சந்தைக்கு வேலை இல்லை. வங்கியில் மாற்றுங்கள். கசங்காத, கிறுக்கல் இல்லாத டாலர் நோட்டாகக் கொண்டு போங்கள்.

இனி அந்த 'புல்லட் ரயில்'. அதன் பெயர் அஃப்ரோசியோப். ஸ்பெயினில் செய்த ரயில், 2011 முதல் ஓடுகிறது. தாஷ்கண்டிலிருந்து சமர்கண்டுக்கு 344 கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. அக்டோபர் மாதிரி சீசனில் டிக்கெட் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். எங்கள் டிக்கெட் எங்கே என்று புறப்படும் முன்பே மூன்று தடவை கேட்டேன். "அங்க லோக்கல் கைடு கையில் தருவார் சார், நீங்க டென்ஷன் ஆகாதீங்க." அந்த ரயிலுக்குப் பாஸ்போர்ட் எண்ணும் பெயரும் போட்டுத்தான் டிக்கெட் எடுக்க முடியும். ஸ்டேஷனுக்குள் நுழையவே பாஸ்போர்ட் பார்க்கிறார்கள். எடுத்திருந்தால் அது அப்போதே பிடிஎஃபாக இருந்திருக்கும். இல்லை என்பதற்கு அர்த்தம், எடுக்கவே இல்லை.

கைடு என்று வந்த பையன் எங்களை ஓல்மசோர் மெட்ரோ பக்கத்தில் வாடகைக் கார்கள் நிற்கும் இடத்தில் கொண்டுபோய் விட்டான். வெள்ளை செவ்ரோலே. அங்கே பத்துக்கு ஏழு கார் வெள்ளை செவ்ரோலேதான் போல. டிக்கியைத் திறந்தால் பாதி இடத்தை மீத்தேன் சிலிண்டர் அடைத்துக்கொண்டிருந்தது. இரண்டு பெட்டி உள்ளே போயின, மற்ற இரண்டும் எங்கள் மடியில்.

ஒன்றரை மணி நேரம் போனதும் வண்டி 'மெட்டான்' என்று எழுதிய பங்க்கில் வரிசையில் நின்றது. காஸ் அடிக்கும்போது வண்டிக்குள் யாரும் இருக்கக் கூடாது என்பது அங்கே விதி. எல்லோரும் கேட்டுக்கு வெளியே இறங்கி நிற்க வேண்டும். உட்கார ஒரு சிமெண்ட் கட்டைகூட இல்லை. மூட்டுவலிக்கார அம்மா மண்மேட்டில் சூட்கேஸைப் படுக்கப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். காற்று சில்லென்று அடித்தது. முக்கால் மணி நேரம். உள்ளே போன டிரைவர் காஸ் அடித்துவிட்டு வந்து, ஏறச் சொல்லாமல் கண்ணாடியை இறக்கினார். போனில் எண் அடித்துக் காட்டினார்: 200000. ஏஜென்ட் தரப்பில் பேசிய கூலி போதவில்லையாம். நடு ரோட்டில், மொழி தெரியாமல், அம்மாவை வைத்துக்கொண்டு என்ன பேச? கொடுத்தோம்.

மொத்தம் ஆறு மணி நேரம். ரயிலில் வந்திருந்தால் அதற்குள் சமர்கண்ட் போய்ச் சாப்பிட்டு ஒரு தூக்கமும் போட்டிருக்கலாம்.

அங்கே மூன்று நட்சத்திர ஓட்டலும் இல்லை. சோவியத் காலத்து அடுக்குமாடியில் நாலாவது மாடி வீடு, லிஃப்ட் கிடையாது. ஒரு பையன் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். இது வசதிக் குறைவு மட்டும் இல்லை என்பதை மாமா கண்டுபிடித்தார். உஸ்பெகிஸ்தானில் வெளிநாட்டுக்காரர் வந்து மூன்று நாளுக்குள் தங்குமிடத்தில் பதிவாக வேண்டும். ஓட்டல் என்றால் அவர்களே கணினியில் ஏற்றி ஒரு சீட்டு தருவார்கள். தனி வீடு என்றால் வீட்டுக்காரர் பதிய வேண்டும். எங்களுக்குத் தாஷ்கண்ட் ஓட்டல் சீட்டு இருந்தது, சமர்கண்டின் இரண்டு ராத்திரிக்கு ஒன்றும் இல்லை. திரும்பும்போது குடியேற்ற அதிகாரி கேட்கவில்லை என்பது உண்மை. ஆனால் கேட்டிருந்தால் பதில் சொல்ல வேண்டியது நாங்கள்தான், மதுரைக் கடை இல்லை. ஓட்டலைக் காலி செய்யும்போது அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள்.

இந்தியச் சாப்பாடு என்றது சமர்கண்டில் முதல் நாள் ஒரு வேளை வந்தது, அப்புறம் அதுவும் இல்லை. அம்மா சைவம். அங்கே புலாவில் கறி இல்லாவிட்டாலும் கொழுப்பு இருக்கும். பூசணிக்காய் வைத்த சோம்சா (நம் சமோசா மாதிரி), தக்காளி வெங்காய சாலட், சமர்கண்டின் கனத்த ரொட்டி, இதை வைத்து ஓட்டினார். அந்த ரொட்டியை மட்டும் இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

இரண்டாம் நாளே நாங்கள் ஏஜென்டைத் தலைமுழுகிவிட்டோம். சமர்கண்டின் பழைய சதுக்கமான ரெஜிஸ்தானுக்கு நாங்களே போனோம். சமர்கண்ட் ஸ்டேஷனில் நாலு பாஸ்போர்ட்டையும் கவுண்டரில் வைத்துத் திரும்பும் டிக்கெட்டையும் நாங்களே எடுத்தோம். அஃப்ரோசியோப் இல்லை, 'ஷார்க்' என்ற சாதாரண விரைவு ரயிலில் இடம் இருந்தது. வேகம் குறைவு, ஆனால் சுகமான பயணம். டிக்கெட் எடுக்கப் பத்து நிமிஷம் ஆனது. இதற்குத்தான் தலைக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்திருந்தோம்.

தாஷ்கண்டில் கடைசி நாள். பயணத் திட்டத்தில் 'சாஸ்திரி சிலை' என்று அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள், அதற்கும் யாரும் வரவில்லை. அம்மா விடவில்லை. 1966 ஜனவரி 11 அன்று சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்த செய்தி வந்தபோது பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார்களாம், அது அவருக்கு நினைவிருக்கிறது. யாண்டெக்ஸில் 19,000 சோம் கொடுத்துப் போனோம். சாஸ்திரி பெயரிலேயே அமைந்த தெருவில் மார்பளவுச் சிலை. அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "ஆளு சின்னவருதான்" என்றார்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை, கடைக்காரர் சொல்லாதவை. டிரோன் கொண்டு போகாதீர்கள், அனுமதி இல்லாமல் அந்த நாட்டுக்குள் எடுத்துப் போகவே தடை. டிரமடால், கோடீன் கலந்த மாத்திரைகள் அங்கே கட்டுப்பாட்டில் உள்ளவை. அம்மாவின் மூட்டுவலி மாத்திரையில் டிரமடால் இருந்தது. எங்கள் டாக்டர் விவரம் தெரிந்தவராக இருந்ததால் வேறு எழுதிக் கொடுத்தார்.

ஊர் திரும்பியதும் கடைக்குப் போனேன். "லோக்கல் ஆபரேட்டர் பண்ணின தப்பு சார்" என்று ஆளுக்கு 2,000 நீட்டினார். வாங்கவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிந்தேன், பலன் இல்லை என்றதும் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கொடுத்த சேவைக்கு மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பில் இல்லாததால் ஜிபே ரசீதும் வாட்ஸாப் உரையாடலும்தான் எங்கள் ஆதாரம். அவருடைய "டென்ஷன் ஆகாதீங்க" எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறோம், பதினொன்று இருக்கிறது.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். மாடியில் புது ஃபிளெக்ஸ் தொங்குகிறது. பனிமலைப் படம், 'அல்மாட்டி 5 நாள், விசா உட்பட'. இந்தியர்களுக்குக் கஜகஸ்தான் 14 நாள் வரை விசாவே கேட்பதில்லை, 2022 ஜூலையிலிருந்து.