5 வருஷ எஸ்எஸ்எல் என்று 18,500 ரூபாய் கேட்டால் உஷார்!

நேற்று காலையிலிருந்து எங்கள் கிரைண்டர் உதிரிபாகக் கடையின் வெப்சைட்டைத் திறந்தால் குரோமில் சிவப்பு முக்கோணம். "யுவர் கனெக்‌ஷன் இஸ் நாட் பிரைவேட்". கீழே பொடி எழுத்தில் "சர்ட் டேட் இன்வேலிட்". அதாவது எஸ்எஸ்எல் சான்றிதழ் (தளத்துக்கும் பிரவுசருக்கும் நடுவே போகும் தகவலைப் பூட்ட உதவும் டிஜிட்டல் அத்தாட்சி) காலாவதி. வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. கொடுத்தது 18,500 ரூபாய். பில்லில் "எஸ்எஸ்எல், 5 வருஷம்" என்றே அச்சடித்திருக்கிறார்கள்.

விற்றவர்களின் பெயரை இங்கே போடவில்லை. வெப்சைட், ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்), டொமைன் (தளத்தின் பெயர்) எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று வரும் ரகம். ஊருக்குப் பத்து இருக்கிறது.

நம்பியது எதனால் தெரியுமா? வந்தவர் தன் செல்லில் எங்கள் தளத்தைத் திறந்து, முகவரிக்குப் பக்கத்தில் "நாட் செக்யூர்" என்று இருப்பதைக் காட்டினார். அது உண்மைதான். 2018 ஜூலையில் வந்த குரோம் 68 முதல் எச்டிடிபி (பூட்டில்லாத) தளம் எல்லாவற்றுக்கும் அந்த முத்திரை விழுகிறது. ஆர்டர் படிவத்தில் கஸ்டமர் அடிக்கும் பெயர், போன் நம்பர், பாஸ்வேர்டு எல்லாம் திறந்த தபால் அட்டை மாதிரி போகும். அதே வைஃபையில் இருப்பவன் படிக்கலாம், நடுவில் மாற்றவும் செய்யலாம். தேடல் வரிசையிலும் கூகுள் 2014 முதல் பூட்டிய வகையான எச்டிடிபிஎஸ்ஸைக் கொஞ்சம் கணக்கில் எடுக்கிறது. ஆக, மாறியே தீர வேண்டும். இவ்வளவு உண்மையைச் சொன்னவர் விலையில் மட்டும் பொய் சொல்வார் என்று யாருக்குத் தோன்றும்?

2020 செப்டம்பர் 1-க்குப் பிறகு வழங்கியதில், 398 நாளுக்கு மேல் ஆயுள் உள்ள சான்றிதழை பிரவுசர்கள் ஏற்பதில்லை. 2026 மார்ச் 15 முதல் அது 200 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். 5 வருஷச் சான்றிதழ் என்று ஒரு சரக்கே கிடையாது. (பல வருஷச் சந்தா உண்டு. அதிலும் அவ்வப்போது புதிதாக எடுத்துப் போட்டாக வேண்டும்.) முகவரிக்கு இடப்பக்க ஐகானைத் தட்டி எங்கள் சான்றிதழைத் திறந்தால், வழங்கியவர்: லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவசச் சான்றிதழ் அமைப்பு. ஆயுள் 90 நாள், விலை பூஜ்யம்! அதில் குறையில்லை, காசு கொடுத்து வாங்குவதிலும் இதே குறியாக்கம்தான். ஆனால் சர்வரில் செர்ட்பாட் மாதிரி ஒரு நிரல் தானாகப் புதுப்பிக்க வேண்டும். இவர்கள் டிஎன்எஸ்ஸில் (டொமைனின் முகவரிப் பதிவேடு) கையால் டிஎக்ஸ்டி ரெக்கார்டு (டொமைன் நம் கையில்தான் என்று காட்டும் ஒரு வரி) போட்டு ஒரு தடவை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தப் பழைய "அக்மி சேலஞ்ச்" ரெக்கார்டு இன்னும் அங்கேயே கிடக்கிறது. 301 ரீடைரக்ட்டும் (பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகப் புதியதுக்குத் திருப்புவது) போடவில்லை, பழைய எச்டிடிபி முகவரியில் ஆர்டர் படிவம் இப்போதும் திறக்கிறது. இதற்கா 18,500 ரூபாய்?

அவர்களிடம் கேட்டதற்கு முதல் போனில் பதில்: "கேஷ் கிளியர் பண்ணிப் பாருங்க சார்." காலாவதித் தேதிக்கும் கேஷுக்கும் (பிரவுசர் சேமித்து வைத்த பழைய பக்கங்கள்) என்ன சம்பந்தம்? இரண்டாவது: "உங்க சிஸ்டத்துல தேதி தப்பா இருக்கும்." அப்படியும் இந்தப் பிழை வரும், ஆனால் நாலு செல்லிலுமா? மூன்றாவது: "அட்வான்ஸ்டு அமுக்கி உள்ளே போகலாம்னு கஸ்டமர்கிட்ட சொல்லுங்க." இதைவிட மோசமான யோசனை கிடையாது. சாயந்திரம் வாட்ஸப்பில்: "ரினியூவல் சார்ஜ் 4,000 ஆகும் சார்." 5 வருஷம் என்று எழுதிய பில்லைப் படம் எடுத்து அனுப்பினேன். நீல டிக் மட்டும்.

விவரமாக எழுத உட்கார்ந்தேன், கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. எவருக்கும் பணம் கொடுக்கும் முன் ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கமான சிபேனலில் ஆட்டோ எஸ்எஸ்எல் (சான்றிதழைத் தானாக எடுத்துப் புதுப்பிப்பது) இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இலவசமாகவே இருக்கும். www உள்ளது, இல்லாதது இரண்டு பெயரும் சான்றிதழில் வர வேண்டும். 80-ஆம் போர்ட்டை (சர்வரில் எச்டிடிபி வரும் வாசல்) மூடாதீர்கள், புதுப்பிப்புச் சோதனை பெரும்பாலும் அதன் வழியாகத்தான் வரும். காலாவதி ஈமெயிலை லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது, தேதியைச் செல்லில் குறித்து வையுங்கள். டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். எங்களுடையது அவர்கள் பெயரில் இருக்கிறது.