நைரோபி – மொம்பாசா: விமானமா, ரயிலா?

கென்யாவில், நைரோபியின் ஜோமோ கென்யாட்டா விமான நிலையத்திலிருந்து மொம்பாசாவின் மோய் விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 420 கி.மீ. அட்டவணையில் ஒரு மணி நேரம். வானில் இருப்பது முக்கால் மணிதான். ஆனால் முன்கூட்டியே போவது, பெட்டிக்குக் காத்திருப்பது எல்லாம் சேர்த்தால் 3 மணி நேரம் ஆகிவிடும். நைரோபியில் விமான நிலையத்துக்குப் போகும் மொம்பாசா சாலையின் நெரிசலில் சிக்கினால் விமானத்தையே தவறவிடலாம்.

2017இல் தொடங்கிய மதராக்கா எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு 5 முதல் 6 மணி நேரம். நைரோபி பக்கம் சியோகிமாவுவில் ஏறி, மொம்பாசா பக்கம் மிரித்தினியில் இறங்க வேண்டும். இரண்டுமே நகர மையத்தில் இல்லை. பயணப் பெட்டிச் சோதனைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். பகல் ரயிலில் சாவோ தேசியப் பூங்காவைக் கடக்கும்போது ஜன்னலிலிருந்தே யானைகள் தெரியலாம். அதற்காகவே ரயிலில் போகலாம்.

அன்றே திரும்புவதென்றால் விமானம்தான்.

மொம்பாசாவுக்குத் தெற்கே உள்ள டியானி கடற்கரைக்கு லிகோனி படகுத்துறை வழியாகப் போகிறவர்கள், எதில் வந்தாலும் அங்குள்ள வரிசைக்கும் நேரம் ஒதுக்குங்கள்.