சர்க்கரைப் பொங்கல்: எதை மாற்றினால் உடம்புக்கு நல்லது?

அரிசிக்குப் பதில் தினை, வெல்லத்துக்குப் பதில் கருப்பட்டி, நெய்க்குப் பதில் தேங்காய்ப்பால். மார்கழி பிறந்ததும் சர்க்கரைப் பொங்கலைச் சத்தானதாக மாற்ற இந்த மூன்று யோசனைகளும் வரிசையாக வந்துவிடும். மூன்றையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தால், பெரும்பாலோர் முதலில் கைவைக்கும் மாற்றங்களால்தான் பலன் மிகக் குறைவு.

முதலில் வழக்கமான பானையைக் கணக்கிடுவோம். எட்டுப் பேருக்குப் பச்சரிசி 200 கிராம், பாசிப்பருப்பு 50, வெல்லம் 350, நெய் 110, முந்திரி 30, திராட்சை 20. மொத்தம் சுமார் 3,300 கலோரி, ஆளுக்கு 410. இதில் வெல்லமும் நெய்யும் மட்டுமே மூன்றில் இரண்டு பங்கு. அரிசியைக் குறை சொல்லிப் பயனில்லை என்பது இந்த ஒரு கணக்கிலேயே தெரியும். அரிசி முழுவதையும் தினையாக மாற்றினால் அந்த 3,300-இல் குறைவது ஏறக்குறைய 50 கலோரிதான்.

அப்படியானால் சிறுதானியம் வீணா? இல்லை. அதன் லாபம் நார்ச்சத்தில் இருக்கிறது. 100 கிராம் பச்சரிசியில் நார்ச்சத்து 3 கிராமுக்கும் கீழே. சாமையில் 7 கிராமுக்கு மேல். ஆனால் கடையில் பளிச்சென்று வெளுத்துக் கிடக்கும் சாமையும் வரகும் தவிடு நீங்கத் தீட்டப்பட்டவை. அவற்றை வாங்கினால் இந்த லாபம் பெருமளவு போய்விடும். லேசாகப் பழுப்பேறிய, கையில் எடுத்தால் மாவுபோல் ஒட்டும் தானியமே தேவை. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் அது சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். அரைக் கிலோவுக்கு மேல் வாங்கி வைக்க வேண்டாம்.

பொங்கலுக்கு எது பொருந்தும் என்றால் சாமைதான். அது குழைந்து பச்சரிசிக்கு மிக அருகில் வரும். தினைக்குத் தனி மணம் உண்டு. நன்றாகக் குழையாது, அரை மணி நேரம் ஊறவைத்தால்தான் நடுவில் நறநறப்பு இல்லாமல் வேகும். குதிரைவாலி சீக்கிரம் வெந்துவிடும், ஆனால் ஆறியதும் கட்டிதட்டிக் கத்தியால் வெட்டும் நிலைக்குப் போகும். வரகு தினைக்கும் குதிரைவாலிக்கும் நடுவில்.

தானியத்தை மாற்றுவதைவிடப் பெரிய பலன் தருவது பருப்பைக் கூட்டுவது. இதை ஏனோ அதிகம் பேர் செய்வதில்லை. நாலுக்கு ஒன்று என்ற வழக்கமான அளவை ஒன்றுக்கு ஒன்று ஆக்கிப் பாருங்கள். பாசிப்பருப்பில் நூற்றுக்கு 24 கிராம் புரதமும் 9 கிராம் நார்ச்சத்தும் உண்டு. அதைவிட முக்கியமான சங்கதி: குழைந்த பாசிப்பருப்பு தானாகவே வழுவழுப்பைத் தரும். நெய் ஊற்றிக் கொண்டுவரும் அந்தப் பதத்தைப் பருப்பே கொடுத்துவிடுவதால், நெய்யைக் குறைத்தாலும் பொங்கல் வறண்டு நிற்காது. ஆனால் பருப்பு அரிசிக்குச் சரிபாதியாகக் கூடும்போது வறுவல் பிசகக்கூடாது. வறுக்காவிட்டால் பச்சை வாடை தூக்கலாக இருக்கும், சிவக்க விட்டால் கசக்கும். வெறும் வாணலியில் சிறு தீயில் மணம் எழுந்து, அங்கங்கே பொன்னிறம் தெரியும்போதே இறக்கிவிட வேண்டும். பருப்பை ஒன்றுக்கு ஒன்றையும் தாண்டிக் கூட்டினால் அது பருப்புப் பாயசமாகிவிடும், பொங்கல் அல்ல.

இனிப்புக்கு வருவோம். குழப்பம் அதிகம் இருப்பது இங்கேதான். வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி எல்லாமே பெரும்பகுதி சர்க்கரைதான். 100 கிராம் வெல்லத்தில் சர்க்கரை ஏறக்குறைய 85 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன அளவுப்படி, இப்படிச் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாள் உணவின் ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 2,000 கலோரி உண்பவருக்கு அது 50 கிராம், 25 கிராம். வழக்கமான பொங்கல் ஒரு பங்கிலேயே 37 கிராம் போய்விடுகிறது. வெல்லத்தை எடுத்துவிட்டு அதே எடைக்குக் கருப்பட்டி போட்டால் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. கருப்பட்டிக்கு ஒரு நிஜமான சாதகம் உண்டு: அதன் மணம் அழுத்தமானது, அதனால் குறைவாகப் போட்டாலும் நாக்குக்குப் போதும். கலப்படக் கருப்பட்டி என்றால் அந்தச் சாதகமும் இல்லை. வெல்லம் வாங்குவதானால் பளபளக்கும் மஞ்சள் வேண்டாம், நிறம் ஏறுவதற்காக ரசாயனம் சேர்ப்பது உண்டு. கருத்த வெல்லமே மேல், வாசமும் அதில்தான்.

பேரீச்சம்பழம் இதில் கொஞ்சம் வேறு வகை. வழக்கமான அளவில் பாதியான 175 கிராம் வெல்லத்தின் இனிப்புக்கு 220 கிராம் பழம் வேண்டும்; கலோரி ஏறக்குறைய அதேதான், ஆனால் கூடவே 15 கிராமுக்கு மேல் நார்ச்சத்து வருகிறது. குறை என்னவென்றால், முழுக்கப் பழத்தில் செய்தால் பொங்கலின் வாசனை போய் ஜாம் போலாகிறது. 100 கிராம் வெல்லத்தோடு 80 கிராம் பழ விழுது என்பது நல்ல நடுவழி. பழத்தைச் சுடுநீரில் 20 நிமிடம் ஊறவைத்து நைசாக அரைக்க வேண்டும். பேரீச்சையில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

சீனித்துளசி போன்ற மாற்று இனிப்புகள் பொங்கலுக்கு ஒத்துவருவதில்லை. பாகின் கனமும் பளபளப்பும் இல்லாததால் இனித்த கஞ்சிதான் மிஞ்சும், பின்கசப்பும் உண்டு. உடல் எடையைக் கட்டுப்படுத்த இவற்றை நம்ப வேண்டாம் என்று 2023-இல் உலகச் சுகாதார நிறுவனமும் கூறியது (ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது).

நெய்க்குப் பதில் தேங்காய்ப்பால் என்பது சுவைக்கான மாற்றம் மட்டுமே. 100 மில்லி கெட்டியான முதல் பாலில் 20 கிராம் கொழுப்பு இருக்கும். ஒன்றரை மேசைக்கரண்டி நெய்க்கு அது சமம். நெய்யையே வைத்துக்கொண்டு ஊற்றும் நேரத்தை மாற்றுவது புத்திசாலித்தனம். கிளறும்போது விடுகிற நெய் உள்ளே போய் மறைந்துவிடும்; நாக்குக்கும் மூக்குக்கும் எட்டுவது கடைசியில் மேலே விடுவதுதான்.

இவற்றையெல்லாம் சேர்த்து எட்டுப் பேருக்கு அளவு இது. சாமை 125 கிராம், வறுத்த பாசிப்பருப்பு 125 கிராம் இரண்டையும் கழுவி, ஒன்றேகால் லிட்டர் தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் குக்கரில் ஆறு விசில், பிறகு சிறு தீயில் ஐந்து நிமிடம். திறந்து சூட்டோடு மத்தால் மசிக்கவும். பருப்பை விரலில் நசுக்கினால் மாவாக வேண்டும். வேகாத பருப்பில் வெல்லம் விழுந்தால் அதற்குப் பிறகு எவ்வளவு கொதித்தாலும் மெத்தென்று ஆகாது, சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். 175 கிராம் வெல்லத்தை 100 மில்லி தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, நுரைத்துப் பிசுக்காகும்வரை இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு ஊற்றவும். முதலில் நீர்த்துப் போகும், பயப்பட வேண்டாம். ஏழெட்டு நிமிடக் கிளறலில் கூடிவரும். கரண்டியிலிருந்து சற்றுத் தளர்வாக விழும்போதே இறக்க வேண்டும், சாமை ஆற ஆற இறுகும். பால் சேர்க்க விரும்பினால் தானியத்தோடு வேகவைக்கலாம். கொதிக்கும் வெல்லத்தில் ஊற்றினால் அதன் புளிப்பில் திரிந்துவிடும்.

20 கிராம் முந்திரியை ஒரு மேசைக்கரண்டி நெய்யில் பொன்னிறமாக வறுத்துக் கொட்டி, பரிமாறும் முன் மேலே இரண்டு மேசைக்கரண்டி. ஏலக்காயோடு கால் தேக்கரண்டி சுக்குப்பொடி சேர்த்தால் இனிப்பு குறைந்தது தெரியாது. பச்சைக் கற்பூரம் அரை அரிசி அளவைத் தாண்டினால் மருந்து வாடை வரும். இப்படிச் செய்தால் ஆளுக்குச் சுமார் 240 கலோரி, சர்க்கரை 18 முதல் 19 கிராம், புரதம் சுமார் நாலிலிருந்து ஐந்து கிராமுக்கு மேல் ஏறும்.

சூடாகவே பரிமாறுங்கள். ஆறினால் அதே பொங்கல் இனிப்புக் குறைவாகத் தோன்றும், கை மறுபடி வெல்லத்தைத் தேடும். நீரிழிவு உள்ளவர்கள் காலையில் வெறும் வயிற்றில் இதைச் சாப்பிடாமல், உணவுக்குப் பிறகு அரைக் கரண்டியோடு நிறுத்த வேண்டும். சாமை என்பதால் இரட்டிப்பாகச் சாப்பிட இடமில்லை.

கூடாரவல்லி அன்று செய்யும் அக்காரவடிசிலில் மட்டும் இந்தக் கணக்கையெல்லாம் நுழைக்க வேண்டாம். பாலும் நெய்யும் வழிவதுதான் அதன் அடையாளம். அதை அதன் முறைப்படியே செய்து, சின்னக் கிண்ணத்தில் கொடுங்கள். மீந்த சாமைப் பொங்கலை மறுநாள் சூடாக்கும்போது நெய் விடாமல், கால் டம்ளர் வெந்நீர் தெளித்துச் சிறு தீயில் கிளறினால் முதல் நாள் பதத்துக்கே திரும்பும்.