60,000 யூனிட் வைட்டமின் டி3: தூளா, கேப்சூலா, குட்டி பாட்டிலா?

ஈரோட்டில் ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பகல் முழுக்க டியூப் லைட் வெளிச்சம்தான். எடை குறைப்பு ஆபரேஷனுக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி அளவு 11 என்று வந்தது. 20க்குக் கீழே போனாலே குறைபாடு, 30ஐத் தாண்டினால் நல்லது என்றார் டாக்டர். உடம்பில் கொழுப்பு அதிகமிருந்தால் அது இந்தச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம், ரத்தத்துக்கு வராதாம். ஆபரேஷனுக்கு முன்பே ஏற்றிவிட வேண்டும் என்று வாரம் ஒன்றாக 60,000 யூனிட் டி3 (மருந்தாக வரும் வைட்டமின் டி) எழுதிக் கொடுத்தார்.

மூன்று வகையும் சாப்பிட்டுப் பார்த்துவிட்டேன். பாக்கெட் தூள் விலை குறைவு, லேசான இனிப்பு. பாலில் கலக்கினால் கொஞ்சம் டம்ளர் அடியில் ஒட்டிக்கொள்ளும், மறுபடி பால் ஊற்றிக் குடிக்கணும். ஆபரேஷனுக்கு முன் அதில் சிரமமே இல்லை. எனக்குச் செய்தது இரைப்பை பைபாஸ், அதாவது இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலோடு இணைப்பது. (பைபாஸ் என்றதும் நெஞ்சைப் பார்க்காதீர்கள், எல்லாரும் அப்படித்தான் பார்க்கிறார்கள்.) அதற்குப் பிறகு ஒரு டம்ளர் பாலைக் குடித்து முடிக்கவே வெகுநேரம் ஆனது. அப்புறம்தான் 5 மி.லி. பாட்டிலுக்கு மாறினேன். மூடியைத் திருகி அப்படியே வாயில் விட்டுக்கொள்ளலாம், தண்ணீர்கூட வேண்டாம். விலை அதிகம்தான், ஆனாலும் என் ஓட்டு இதற்கே. கேப்சூல் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, விழுங்க முடிந்தவர்களுக்குச் சரி.

நான் வாங்கிய டப்பாவில் ஒரு குறை. வாரத்துக்கு ஒன்று என்பது எங்கேயும் பெரிய எழுத்தில் இல்லை. இதைத் தினமும் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதுதான். வீட்டில் வேறு யாராவது எடுத்துத் தருவதாக இருந்தால் பேனாவால் கிழமையை எழுதி வையுங்கள்.

டி மட்டும் போட்டால் போதாது, கூடவே கால்சியமும் வேண்டும். அங்கேதான் மருந்துக்கடையில் ஏமாறுவோம். "எல்லாம் ஒண்ணுதாண்ணே" என்று கால்சியம் கார்பனேட் அட்டையை நீட்டுவார்கள். அது கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், பைபாஸ் ஆனவர்களுக்கு அது குறைவு. சிட்ரேட் கேட்டு வாங்குங்கள். அட்டையின் பின்பக்கத்தையும் படியுங்கள்: கால்சியம் சிட்ரேட் 1,000 மி.கி. என்று கொட்டை எழுத்தில் இருக்கும், அதில் உண்மையான கால்சியம் சுமார் 200தான். சாப்பாட்டையும் சேர்த்து நாளைக்கு 1,200 முதல் 1,500 வேண்டும் என்கிறார்கள். மாத்திரையிலேயே எடுப்பதென்றால் குறைந்தது ஆறு போடணும், அதையும் ஒரே வேளையில் போடக்கூடாது. இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேறு.

போன பரிசோதனையில் டி அளவு 34. பாட்டிலுக்கு ஐந்துக்கு நாலு நட்சத்திரம். ஒன்று டப்பா எழுத்துக்காகக் குறைத்தது.