முதல் டிஎஸ்எல்ஆர்: நிக்கான் டி3500, கேனான் 200டி மார்க் 2, அல்லது ஒரு பழைய பெரிய கேமரா

முதல் டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸை மாற்றிப் போடக்கூடிய கேமரா வாங்கப் போகிற நண்பர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: நிக்கானா, கேனானா? நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான். கேமராவோடு வரும் லென்ஸுக்கு அடுத்து எந்த லென்ஸ் வாங்குவீர்கள்? அதை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். கையில் இருக்கும் பணம் முழுவதையும் பாடிக்கே (லென்ஸ் இல்லாத கேமரா உடலுக்கே) கொடுத்துவிட்டு, கூடவே வரும் கிட் லென்ஸோடு நின்றுவிடுவார்கள். வீட்டுக்குள் மாலை வெளிச்சத்தில் எடுத்த படங்கள் போனில் எடுத்ததைவிட மோசமாக வந்ததும் கேமரா அலமாரிக்குப் போய்விடும். அப்படி அலமாரிக்குப் போன கேமராக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் இங்கே ஒவ்வொரு கேமராவையும் அதனுடன் சேர வேண்டிய லென்ஸோடு சேர்த்தே எடை போடப் போகிறேன்.

குறைந்த பட்ஜெட்டில் பேச்சுக்கு வருபவை நான்கு. கேனான் 3000டி, 1500டி, 200டி மார்க் 2, நிக்கான் டி3500. கேனானின் மூன்றும் சில நாடுகளில் முறையே 4000டி, 2000டி, 250டி என்ற பெயர்களில் இருக்கும், குழம்ப வேண்டாம். முதல் இரண்டும் டி3500-உம் 2018-இல் வந்தவை, 200டி மார்க் 2 மட்டும் 2019. இப்போது இவற்றில் பலவும் கடைகளில் மிச்ச சரக்காகவோ செகண்ட் ஹேண்டாகவோதான் கிடைக்கும். டி3500 தயாரிப்பே நின்றுவிட்டது. படத்தின் தரத்துக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

மெகாபிக்சலை முதலில் ஒதுக்கி வைத்துவிடலாம். 3000டியில் 18, மற்ற மூன்றிலும் 24. கேட்க பெரிய வித்தியாசம். ஆனால் படத்தின் அகலத்தில் 5184 புள்ளிகளுக்குப் பதிலாக 6000 புள்ளிகள், அவ்வளவுதான். 18 மெகாபிக்சல் படத்தையே நல்ல தரத்தில் 17 அங்குல அகலத்துக்குப் பிரிண்ட் போடலாம்.

3000டியை நான் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணங்கள் வேறு. லென்ஸை மாட்டும் வளையமான மவுண்ட் அதில் உலோகம் இல்லை, பிளாஸ்டிக். பின்திரை 2.7 அங்குலம், அதுவும் தெளிவு குறைந்தது. எடுத்த படம் ஷார்ப்பாக இருக்கிறதா என்று அதில் சரிபார்ப்பதே சிரமம். கண்ணாடி அணிபவர்களுக்கு இன்னொரு பெரிய குறை: கண் வைத்துப் பார்க்கும் துளையான வியூஃபைண்டரில் கண் பவருக்கு ஏற்றபடி திருப்பிச் சரிசெய்துகொள்ளும் சின்னச் சக்கரம் இதில் இல்லை. கொஞ்சம் பணம் மிச்சமாகும் என்பதற்காக இத்தனையையும் சகித்துக்கொள்ள வேண்டாம்.

1500டி அதைவிட எவ்வளவோ மேல். உலோக மவுண்ட், 3 அங்குலத் திரை, வைஃபை எல்லாம் உண்டு. ஆனால் நொடிக்கு 3 படங்கள்தான் எடுக்கும், ஒரு சார்ஜுக்குச் சுமார் 500 படங்கள். நிழலான பகுதியைப் பின்னர் கம்ப்யூட்டரில் வெளிச்சப்படுத்தினால் மணல் தூவியதுபோல் நாய்ஸ் வரும், படத்தைப் பதிவுசெய்யும் சில்லான சென்சார் இதில் பழைய வகை. டி3500-இல் அதே அளவு வெளிச்சப்படுத்தினாலும் படம் சுத்தமாக இருக்கும். விலை இரண்டுக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் டி3500-ஐயே எடுங்கள். நல்ல லென்ஸோடு யாராவது மலிவாகக் கொடுத்தால் மட்டும் 1500டியை யோசிக்கலாம்.

சரி, உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்.

வியூஃபைண்டரா, திரையா?

டி3500-ஐக் கண்ணில் வைத்துப் படம் எடுப்பதற்கென்றே செய்திருக்கிறார்கள். பேட்டரியும் கார்டும் சேர்த்து 415 கிராம். கைப்பிடி ஆழமானது, விரல்கள் நன்றாக உள்ளே போய் உட்காரும். ஒரு சார்ஜுக்கு 1550 படங்கள் என்பது நிறுவனம் தரும் கணக்கு, பயணத்தில் சார்ஜரை மறந்துவிட்டாலும் சில நாள் ஓட்டிவிடலாம். ஆட்டோஃபோகஸ் புள்ளிகள் 11, நொடிக்கு 5 படங்கள். புதிதாகக் கற்பவர்களுக்கென்று 'கைடு' என்ற ஒரு முறையும் டயலில் உண்டு. பின்னணியை மங்கலாக்க வேண்டுமா, ஓடுபவரை உறையவைக்க வேண்டுமா என்று அது கேட்டு, அதற்கான அமைப்பைக் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் திரையைப் பார்த்து எடுக்கத் தொடங்கினால் இதே கேமரா தடுமாறும். லைவ் வியூவில் ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடித் தேடித்தான் நிற்கும். ஓடுகிற குழந்தையை அப்படிப் பிடிக்கவே முடியாது. திரை திரும்பாது, தொட்டாலும் ஒன்றும் நடக்காது. வெளி மைக் செருகும் துளையும் இல்லை.

200டி மார்க் 2 இதில் நேர் எதிர். அதன் சென்சாரிலேயே ஃபோகஸ் பார்க்கும் அமைப்பு இருக்கிறது, கேனான் அதை டூயல் பிக்சல் என்கிறது. திரையில் ஒரு முகத்தைத் தொட்டால் உடனே பிடிக்கும், நகர்ந்தால் கூடவே போகும், கண்ணையே தேடிப் பிடிக்கவும் செய்யும். திரையை வெளியே இழுத்து எந்தப் பக்கமும் திருப்பலாம். தரையோடு தரையாக ஒரு பூவை எடுக்க வயிற்றைத் தரையில் பதித்துப் படுக்க வேண்டியதில்லை. மைக் துளையும் உண்டு. வீடியோ உங்கள் தேவையில் பாதி என்றால் இதற்குமேல் யோசிக்க வேண்டாம், இதுதான். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: பெட்டியில் 4கே என்று போட்டிருப்பார்கள், ஆனால் 4கேயில் ஓரங்கள் கணிசமாக வெட்டப்படும், டூயல் பிக்சல் ஃபோகஸும் அதில் வேலை செய்யாது. சாதாரண முழு எச்டியில்தான் இந்தக் கேமரா தன் திறமையைக் காட்டும்.

வியூஃபைண்டர் வழியாகப் பார்த்தால் இது இன்னொரு சாதாரணக் கேமராதான். ஃபோகஸ் புள்ளிகள் 9. பேட்டரி 1070 படங்கள் தாங்கும், திரையைப் போட்டு எடுத்தால் அதைவிட வேகமாகக் கரையும். உடல் சின்னது என்பதால் பெரிய கை உள்ளவர்களுக்குச் சுண்டுவிரல் கீழே தொங்கும், வாங்குமுன் ஒருமுறை பிடித்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயம் பல ஒப்பீடுகளில் விட்டுப்போகிறது. 200டி மார்க் 2, 1500டி, 3000டி மூன்றிலும் மேலே ஃபிளாஷ் மாட்டும் இடத்தின் நடுவில் இருக்க வேண்டிய உலோகத் தொடுமுனை (பின்) இல்லை. அந்த ஒரு பின்னை மட்டும் நம்பி வேலை செய்யும் மலிவான மேனுவல் ஃபிளாஷ்களும், தள்ளி வைத்த ஃபிளாஷை இயக்கும் டிரிக்கர்களும் இவற்றில் இயங்காது. டி3500-இல் இந்தச் சிக்கல் கிடையாது. விளக்கு வைத்துப் படம் எடுக்கக் கற்கும் ஆசை இருந்தால் இது சின்ன விஷயம் இல்லை.

லென்ஸில்தான் முடிவு இருக்கிறது

கிட் லென்ஸ் 18-55 மி.மீ. நல்ல லென்ஸ் (இந்த மி.மீ. எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பக்கத்தில் தெரியும்). பகல் வெளிச்சத்தில் அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் 55 மி.மீ.க்கு ஜூம் செய்தால் அதன் திறப்பு, அதாவது வெளிச்சம் நுழையும் துளை, எஃப் 5.6-க்குச் சுருங்கிவிடும். எஃப் எண் குறைந்தால் துளை பெரிது. எஃப் 1.8 லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கிட் லென்ஸில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு, கூடினால் நாய்ஸும் கூடும்) 6400 வைத்தால்தான் எடுக்க முடிகிற ஒரு படத்தை இதில் 640-இல் எடுத்துவிடலாம். எந்த பாடியை மாற்றினாலும் இந்த அளவு வித்தியாசம் கிடைக்காது. பட்ஜெட்டில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கச் சொல்வது இதனால்தான்.

கேனானில் அந்த இடத்துக்கு எல்லோரும் சொல்வது 2015-இல் வந்த 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம். விலை குறைவு, முகங்களுக்கு அருமையான லென்ஸ். கேனானின் இஎஃப் லென்ஸ்கள் எல்லாவற்றிலும் 1987 முதலே மோட்டார் லென்ஸுக்குள் இருப்பதால், எந்தப் பழைய லென்ஸை மாட்டினாலும் ஆட்டோஃபோகஸ் நடக்கும். நிக்கானில் அப்படி இல்லை. டி3500-இன் பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. 50 மி.மீ. எஃப் 1.8 டி என்ற பழைய லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் கையால் திருப்பித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருப்பதைக் குறிக்கும் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி பெயரில் இருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

ஆனால் வீட்டுக்குள் படம் எடுக்க நிக்கானிடம் ஒரு பெரிய பலம் உண்டு. 2009-இல் வந்த ஏஎஃப்-எஸ் 35 மி.மீ. எஃப் 1.8. மூன்று மீட்டர் தள்ளி நின்றால் அது இரண்டு மீட்டர் அகலத்தைப் பிடிக்கும், ஒரு சோபாவில் உட்கார்ந்திருக்கும் குடும்பம் முழுக்க வந்துவிடும். அதே இடத்தில் நின்று கேனானில் 50 மி.மீ. போட்டால் 1.3 மீட்டர்தான் வரும், இரண்டு பேர், மிஞ்சிப்போனால் மூன்று பேர். பின்னால் நகர்ந்தால் முதுகில் சுவர் இடிக்கும். கேனானில் இதற்கு நிகரான மலிவு விலை 35 மி.மீ. எஃப் 1.8 இல்லை. 24 மி.மீ. எஃப் 2.8 பான்கேக் லென்ஸ் உண்டு, தட்டையாக அழகாக இருக்கும், ஆனால் எஃப் 1.8-இன் பாதி வெளிச்சம்கூட அதில் வராது.

ஆகவே என் தேர்வு டி3500 பாடியும் இந்த 35 மி.மீ. லென்ஸும். போட்டோதான் முக்கியம், அதிலும் வீட்டு மனிதர்களை எடுக்கப் போகிறேன் என்பவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. பணம் போதாவிட்டால் கிட் லென்ஸைக்கூட விட்டுவிடலாம்.

இரட்டை லென்ஸ் பெட்டி

கூடவே ஒரு 70-300 லென்ஸும் சேர்த்து இரட்டை லென்ஸ் பெட்டியாகக் கொடுப்பார்கள், பார்த்தால் லாபம்போல் தெரியும். நானும் என் முதல் கேமராவை அப்படித்தான் வாங்கினேன். ஒரு மேடை நிகழ்ச்சியில் 300 மி.மீ.க்கு இழுத்து இருநூறு படங்கள் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் ஒன்றுகூடத் தெளிவாக இல்லை, எல்லாமே ஆடியிருந்தன. அந்த லென்ஸில் அதிர்வைத் தடுக்கும் அமைப்பே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. அது இல்லாமல் இந்த வகைக் கேமராவில் 300 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுக்க, ஷட்டர் வேகம் (ஷட்டர் திறந்து மூடும் நேரம்) நொடியில் 500-இல் ஒரு பங்காவது இருக்க வேண்டும். மேடை வெளிச்சத்துக்கு அது எங்கே கிடைக்கும்? அந்த நிகழ்ச்சி திரும்ப வரவில்லை. இன்றைக்கும் அந்தப் படங்களை அழிக்க மனம் வரவில்லை, வைத்திருக்கிறேன்.

எனவே பெயரைக் கடைசி எழுத்துவரை படியுங்கள். நிக்கானில் விஆர், கேனானில் ஐஎஸ் என்று இருந்தால் அதிர்வுத் தடுப்பு உண்டு. 18-55-இலேயே இரண்டு விதமும் விற்கிறார்கள், வெளியே பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும்.

பழைய பெரிய கேமரா

செகண்ட் ஹேண்ட் வாங்கத் தயக்கம் இல்லை என்றால் கணக்கே மாறிவிடும். 2013-இல் வந்த நிக்கான் டி7100, 2016-இல் வந்த கேனான் 80டி இரண்டும் இப்போது தொடக்கநிலைக் கேமராக்களோடு ஒப்பிடும் விலைக்கு இறங்கி வந்திருக்கின்றன. இரண்டிலும் 24 மெகாபிக்சல், பெரிய தெளிவான வியூஃபைண்டர், அப்புறம் இரண்டு டயல்கள். அந்த இரண்டு டயல்களை நான் பெரிதாக மதிக்கிறேன். ஒன்றில் திறப்பு, மற்றதில் ஷட்டர் வேகம். இவற்றைத் தானே அமைத்து மேனுவலில் எடுக்கப் பழகுபவருக்கு, ஒரு பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஒரே டயலைத் திருப்பும் தொல்லை இல்லாமல் கை தானாகவே கற்றுக்கொள்ளும்.

டி7100-இல் 51 ஃபோகஸ் புள்ளிகள், பாடிக்குள் மோட்டார். மேலே சொன்ன பழைய 50 மி.மீ. டி லென்ஸ் இதில் நன்றாக ஓடும். மலிவான பழைய நிக்கான் லென்ஸ்கள் அத்தனைக்கும் இது கதவைத் திறந்துவிடும். 80டியில் 45 புள்ளிகள், அத்துடன் டூயல் பிக்சல், திரும்பும் தொடுதிரை, மைக் துளை, ஹெட்போன் துளை. வீடியோவும் போட்டோவும் சமமாக வேண்டும் என்றால் 200டி மார்க் 2-ஐவிட நல்ல நிலையில் இருக்கும் ஒரு 80டியையே சொல்வேன். இரண்டும் முக்கால் கிலோ வரும். கழுத்தில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நடப்பவர்கள், பை சின்னதாக இருப்பவர்கள் அந்த எடையை யோசித்துக்கொள்ளுங்கள். கனத்தால் வீட்டிலேயே விட்டுச் செல்லும் கேமராவை வாங்கிப் பயனில்லை.

உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் வந்துவிட்டனவே, இப்போது போய் டிஎஸ்எல்ஆரா என்ற கேள்வி நியாயமானது. கேனானும் நிக்கானும் புதிய டிஎஸ்எல்ஆர் கொண்டுவந்து வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் அதனால்தான் விலை இறங்கியிருக்கிறது, லென்ஸ்களும் குவிந்து கிடக்கின்றன. நாளைக்கு மிரர்லெஸுக்கு மாறினாலும் இஎஃப் லென்ஸ்களைக் கேனான் அடாப்டர் வழியாக ஆட்டோஃபோகஸோடு பயன்படுத்தலாம். நிக்கானில் ஏஎஃப்-எஸ் லென்ஸ்களுக்கும் அப்படியே, பழைய டி லென்ஸ்களுக்கு மட்டும் அடாப்டரில் ஆட்டோஃபோகஸ் கிடைக்காது.

பழையதை வாங்கப் போகும்போது ஒரு மெமரி கார்டைக் கையோடு எடுத்துப் போங்கள். நிக்கான் என்றால் எடுத்த படத்தின் தகவலிலேயே ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்ற எண் இருக்கும், போனில் பார்த்துவிடலாம். கேனான் அதைப் படத்தில் எழுதுவதில்லை, அதற்கென்று தனி மென்பொருள் வேண்டும். லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கம் போன் டார்ச்சை அடித்து மறுபக்கம் பாருங்கள், சிலந்தி வலைபோல் நூல் தெரிந்தால் பூஞ்சை, அதை வாங்கவே வேண்டாம். கடைசியாகத் திறப்பை எஃப் 16-இல் வைத்து ஒரு வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசியோ எண்ணெய்த் துளியோ இருக்கிறது. பெரும்பாலும் சுத்தம் செய்துவிடலாம், அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.